ஏழு மணிச் செய்தி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். பிறகு கல்லூரிக்கும் போனேன். இதைச் சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. திருவொற்றியூரில், பெரிய சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் தெருவில் இதை நான் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அங்கே எனக்குப் பெயரே ‘காலேஜூ’. “இன்னா காலேஜூ, துன்னியா?” என்று கேட்பார்கள். கிண்டல் பாதி, மரியாதை பாதி. மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போதே தெருவின் காகிதங்கள் என் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடத்து நோட்டீஸ், மாத்திரை அட்டையில் உள்ள தேதி, பிற்பாடு போனில் வரும் குறுஞ்செய்திகள். படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் முகத்தில் எதுவும் தெரியாமல் படிக்கப் பழகிக்கொண்டேன். படித்துச் சொன்னதும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு அது முடிந்தது. இதை யாரும் எனக்கு விதியாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதை நம்பித்தான் வந்தார்கள். ஒருத்தியின் கர்ப்பப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டை அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே படித்தவள் நான். என்ன எழுதியிருந்தது என்று அம்மா இரண்டு நாள் நச்சரித்தாள். நான் வாய் திறக்கவில்லை. “என் வயித்துலதான் பொறந்தியாடி நீ?” என்றாள். எனக்கு அது பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

அதே வாயால்தான் ஊரடங்கில் செய்தி வாசித்தேன்.

அப்பா ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். ஊரடங்கு அறிவித்த நாள் வேலைக்குப் போனவர், மாற்று ஆள் வர முடியாததால் பல நாள் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அம்மா, நான், டிவி. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் உறுமல் குறைந்து, எங்கள் வீட்டிலிருந்தே கடல் சத்தம் கேட்டது. அம்மா அதை வாசலில் நின்று கேட்பாள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காலையில் கண் விழித்ததும் தலையணைக்கடியிலிருந்து போனை எடுப்பேன். பல் துலக்குவதற்குள் எந்த நாட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருக்கும், நான் சேனல் மாற்றிக்கொண்டிருப்பேன். ஒரு சேனலில் சொன்னதையே இன்னொன்றில் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். அதையேதான் சொல்வார்கள். அப்போதும் மூன்றாவதற்குப் போவேன். சாயந்திரம் அரசாங்கத்தின் அறிக்கை வரும். அதில் எங்கள் மண்டலத்தின் எண்ணைத் தேடி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பவர்களின் வீட்டுக்குள் நுழைய அந்த நோய் கொஞ்சம் தயங்கும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

“அத்த அமுத்துடி,” என்பாள் அம்மா. “அவன் கத்தற கத்துல எனுக்கே ஜொரம் வந்துடும் போல கீது.”

“தெரிஞ்சிக்க வேணாமா?”

“நேத்தே தெரிஞ்சிக்கினேன். இன்னிக்கும் அதேதான சொல்லிக்கினு கீறான்.”

சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, அடியில் ஓடும் எழுத்துகளைப் படிப்பேன். அம்மாவுக்கு அது புரியாது என்பதில் ஒரு சின்ன வெற்றி இருந்தது. இப்படி எழுதும்போது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணி லாரி வரும் நேரத்தைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது. பாதிப் பேருக்கு எழுத்து வராது என்பதால் எல்லாம் குரல் பதிவுதான். ஒரு நாள் சாயந்திரம் யாரோ நிலவரம் கேட்க, அறிக்கையைச் சுருக்கிப் பேசி அனுப்பினேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் கேட்டார்கள். அதற்கப்புறம் தினமும் ஏழு மணிக்கு என் செய்தி போகும். “வணக்கம். இன்றைய நிலவரம்,” என்று டிவியில் வருகிறவள் போலவே ஆரம்பிப்பேன். எங்கள் தெருப் பேச்சு ஒரு சொல்கூட அதில் கலக்காமல் பார்த்துக்கொள்வேன். தப்பு வந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து பேசுவேன். பேசி அனுப்பிய அடுத்த நிமிஷம் எதிர் வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு என்று ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் என் குரல் கேட்கும். அது எப்படிப்பட்ட சுகம் என்று சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். எண்ணிக்கை ஏறிய நாட்களில் என் குரலில் ஒரு கனம் கூடும். இறங்கிய நாளில் சப்பென்றிருக்கும். இறங்கியதற்கு வருத்தப்பட்ட ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ஆறேழு வாரத்தில் தெருவுக்கு அலுத்துவிட்டது. ஜன்னல்களில் என் குரல் குறைந்தது. கேட்டவர்கள் பட்டியலில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மாடி வீட்டு அண்ணன் ஒரு பதிவு போட்டார்: “காலேஜூ, அதே பாட்ட எத்தினி நாளு பாடுவ? கறி எங்க கெடைக்கும், அத்த சொல்லு மொதல்ல.” அதற்கு வந்த சிரிப்புப் படங்களை எண்ணினேன். பதினாறு.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமில்லை, நான் கூப்பிடுவது அப்படி. தெருவின் அடிபம்புக்கு எதிரே ஒற்றை அறை வீடு. கணவர் இறந்து பல வருஷமாகிறது. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. ஐஸிலும் உப்பிலும் கிடந்து அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். ஒரே மகளை அத்திப்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகனுக்கு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. மகளுக்கு அப்போது எட்டாவது மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. கொட்டகை மூடிக் கிடந்த நாட்களில் அத்தை தானே அறைக்கு வெள்ளையடித்தாள், நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையில் தொட்டில் கட்டக் கொக்கி மாட்டினாள். மகளை அழைத்துவர இ-பாஸுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தது நான்தான். மாமியார்தான் இழுத்தடித்தாள். மெட்ராஸ் பக்கம் நோய் அதிகம், அனுப்ப மாட்டேன் என்றாள். அத்தை போனில் கெஞ்சி, கேலி பேசி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கி வைத்திருந்தாள்.

அந்த வாரம்தான் அவளுக்கு வாசனை போயிற்று. வாசலில் காய்கிற கருவாட்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கருவாடு சோப்பு போட்டுக் குளிச்சிடுச்சா?” என்று கேட்டாளாம். மாநகராட்சி காய்ச்சல் முகாமுக்குத் தானாகவே போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும், என் ஜன்னலுக்கு வந்தாள். புடவைத் தலைப்பை மூக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தாள். போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள்.

“தொடாத. அப்டியே பாத்து சொல்லு. இங்கிலீசுல வந்து கீது.”

படித்தேன். முகத்தில் எதுவும் காட்டாமல்தான் படித்தேன். சொன்னேன்.

தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“சரி. நாளிக்கு காலீல கார்ப்பரேசன்காரங்க வந்துடுவாங்க இல்ல?”

“வருவாங்க அத்தே.”

“நான் வெளிய வரல. பம்பாண்டயும் வரல. என் கொடத்த நீ அடிச்சி வாசல்ல வச்சிடு, போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எம் பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன். மாப்ளகிட்டதான் போனு கீது, ஷிப்டு முட்சி எட்டு மணிக்குத்தான் வூட்டுக்கு வரும். மெதுவா, சிரிச்சிக்கினே சொன்னா பயப்பட மாட்டா. பதினஞ்சு நாள்ல செரியாயிடும், அப்பறம் வான்னு சொல்லுவேன். அந்தப் பொம்பளைக்கு வேற வாயால தெரிஞ்சா அனுப்பவே மாட்டா. அதுவரிக்கும் யாராண்டயும் மூச்சு வுடாத, இன்னா?”

“சொல்ல மாட்டேன்.”

இந்தப் பதிலைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடத்தையும் அடித்து வாசலில் வைத்தேன்.

ஏழு மணிக்குக் காலண்டர் தாளும் போனுமாக உட்கார்ந்தேன். அன்றைய எண், முந்தைய நாளின் எண்ணைவிடக் குறைவு. இதைப் படித்தால் யார் கேட்பார்கள் என்று தோன்றியது. மாடி வீட்டு அண்ணனின் சிரிப்பு காதில் இருந்தது. என்னிடம் மட்டுமே இருக்கிற செய்தி ஒன்று, எந்தச் சேனலுக்கும் தெரியாதது, என் நாக்கின் நுனியில் இருந்தது. தெருவின் பாதுகாப்பு என்று ஒரு நியாயத்தையும் மனசுக்குள் தயாராக வைத்துக்கொண்டேன். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதும், காலையில் மாநகராட்சி ஆட்கள் வந்தால் எல்லோருக்கும் தானாகவே தெரிந்துவிடப்போவதும் எனக்குத் தெரியாததா? ஓர் இரவு பொறுத்தால் போதும். அந்த ஓர் இரவு போய்விட்டால் அது என் செய்தியாக இருக்காது.

“வணக்கம். இன்றைய நிலவரம். நமது தெருவைச் சேர்ந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்குத் தொற்று உறுதி செய்யப்பட்டுள்ளது. பம்பைப் பயன்படுத்துவோர் உரிய முன்னெச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

பெயர் சொல்லவில்லை. டிவியில் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அந்த வயதை ஒட்டிய எத்தனை பெண்கள் அந்த வாரம் முகாமுக்குப் போய் வந்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். என் குரல் நடுங்கவில்லை. ஒரே தடவையில், தப்பில்லாமல் வந்தது.

ஜன்னல்களில் என் குரல் மறுபடியும் கேட்டது. முன்பைவிட அதிகமாக. சிலர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார்கள். “எந்த வூடு?” “பம்புக்கு எதிர்லயா?” “அய்ய, காலீல அவுங்களாண்ட பேசிக்கினு இருந்தேனே.” நான் பதில் போடவில்லை. போடாமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“அந்தம்மா உன்னாண்ட போனு குடுத்துச்சே மத்தியானம். அதுவா இது?”

“பேரு சொல்லலியே.”

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அத்தை எங்கள் குழுவில் இல்லை, டிவி சத்தத்தில் ஜன்னல் குரல்களும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. எட்டு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டு மகளுக்குப் போன் செய்தாள். எங்கள் தெருவின் அகலம் இரண்டு பேர் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் அளவுதான், ஒரு வீட்டில் பேசுவது எதிர் வீட்டுக்குக் கேட்கும். “இன்னாம்மா, துன்னியா?” என்று சிரிப்போடுதான் ஆரம்பித்தாள். பிறகு, “யாரு சொன்னா உனுக்கு?” “அழாத. அழாதடா. வயிறு இறுக்கிக்கும், அழாத.” அப்புறம் அவள் போனில் மகள் அனுப்பியது ஏதோ வந்து விழும் சத்தம். அவளுக்குப் படிக்கத் தெரியாது, முக்கோணத்தை அழுத்தத் தெரியும்.

“வணக்கம். இன்றைய நிலவரம்,” என்றது என் குரல் அவள் வீட்டுக்குள்ளிருந்து.

தெருவில் யாருக்கோ அத்திப்பட்டில் ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சி வழியாக மருமகனின் போனுக்குப் போய், அவர் வேலையிலிருந்து வந்ததும் எல்லோரும் கேட்கும்படி போட்டிருக்கிறார். தன் அம்மாவுக்கு வந்த நோயை அந்தப் பெண் என் வாயால், நான் அழித்து அழித்துப் பயிற்சி எடுத்த அந்தத் தமிழில் கேட்டாள். பதிவை அழித்தேன். எங்கள் குழுவில் மட்டும் அழிந்தது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று அந்த இடத்தில் ஒரு வரி நின்றது, நான் நீக்கியதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு.

காலையில் பம்படியில் அத்தையின் பச்சைக் குடம் தனியாகக் கிடந்தது. இரவே அதை நான் மறுபடி நிரப்ப எடுத்து வந்து வைத்திருந்தேன். யாரோ அதை ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடை ஓரம் உருட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள், ஆம்புலன்ஸும் வந்தது. ஒரு துணிப் பையோடு அத்தை இறங்கினாள். எல்லா ஜன்னலிலும் ஆட்கள். மாடியிலிருந்து ஒருவர் போனில் படம் பிடித்தார்.

“இன்னா, அல்லாரும் என்ன ஊர்வலம் வுட வந்தீங்களா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டாள் அத்தை. “ஒயுங்கா புடி. மூஞ்சி தெரியல பாரு.” தலைப்பை ஒரு விநாடி இறக்கிக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். என் ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் நன்றாகித் திரும்பி வந்தாள். வாசனையும் வந்துவிட்டது. மகள் வரவில்லை. மாமியார் வீட்டுப் பக்கத்திலேயே பிரசவம். பெண் குழந்தை. பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்த சீட்டோடு அத்தை போனபோதுகூட மாமியார் கேட்டுக்கு உள்ளே விடவில்லை என்று அம்மா சொன்னாள். குழந்தை குப்புற விழுந்ததை, தவழ்ந்ததை எல்லாம் அத்தை போனில்தான் பார்த்தாள். கையில் வாங்கியபோது அது உட்கார்ந்து, ஆளைப் பார்த்து அழுகிற வயதாகியிருந்தது. கூரையில் அந்தக் கொக்கி சும்மாவே இருந்தது. கதவு திறந்திருந்தால் எங்கள் வாசலிலிருந்து அது தெரியும்.

ஏழு மணிச் செய்தியை நான் நிறுத்திவிட்டேன். டிவியையும் கொஞ்ச நாள் போடவில்லை. அம்மா காரணம் கேட்கவில்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை அவள் வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் “பம்புல தண்ணி வருதா பாரு,” என்று ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிட்டாள். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லி ஆறியிருப்பேன். அவள் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. தனக்கு வரும் காகிதங்களையும் குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். முன்பின் தெரியாத கடைக்காரரிடம், வரிசையில் நின்று, படிக்கச் சொல்லிக் கேட்டாள். என் ஜன்னல் அவள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

அடுத்த வருஷம் இரண்டாவது அலையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. குறுஞ்செய்தியை நான்தான் படித்தேன். வாசலைச் சாத்திக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கொட்டகையில் அம்மாவுக்கு அப்போதுதான் அத்தையோடு வேலை கிடைத்திருந்தது, தெரிந்தால் போய்விடும் என்று பயம். வரிசையில் எங்கள் குடம் இல்லாததை அத்தை கவனித்திருக்கிறாள். மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வந்தாள்.

“இன்னா காலேஜூ, இன்னிக்கு நியூஸ் இல்லியா?”

“வேணாம் அத்தே,” என்றேன். எதை வேண்டாம் என்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

“பயப்படாத. எனுக்கு வாய்சு அனுப்பத் தெரியாது,” என்றாள். எங்கள் குடம் இரண்டையும் அடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா தேறும்வரை தினமும் வைத்தாள். அவள் வாயிலிருந்து தெருவுக்கு எதுவும் போகவில்லை. அந்தத் தண்ணீரில் சமைத்துச் சாப்பிட்ட நாட்களைத்தான் என்னால் நிமிர்ந்து நினைக்க முடிவதில்லை.

இப்போது நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இதை எழுதலாமா என்று போன வாரம் அத்தையிடம் கேட்டேன். பெயரைப் போட மாட்டேன் என்றேன். அன்றைக்கும் இதையேதானே சொன்னேன் என்று சொல்லும்போதே உறைத்தது.

“எய்திக்கோ,” என்றாள். “ஆனா ஒண்ணு. அம்பது வயசுன்னு சொன்ன பாரு, அத்த மாத்து. எனுக்கு அப்ப நாப்பத்தாறுதான். தெருவே என்ன கெயவியாக்கிடுச்சி அன்னிக்கு.”

மேலே இருப்பது அன்று நான் சொன்னது, அது அப்படியே இருக்கட்டும்; இங்கே மாற்றிவிட்டேன் அத்தே. நாற்பத்தாறு.

நேற்று சாயந்திரம், ஜெராக்ஸ் கடை லீவு போலிருக்கிறது, அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். படிக்கச் சொல்லி வந்தது இத்தனை வருஷத்துக்கப்புறம் இதுதான் முதல் தடவை. போனைக் கட்டையில் வைக்கவில்லை, என் கையிலும் கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்தபடி என் கண்ணுக்கு நேராக நீட்டினாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். போனை மடியில் செருகினாள்.

“பட்சிட்ட இல்ல? மறந்துடு.”

அதில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுதவில்லை.